பஞ்சு அடைத்த சுவர்

வெளியே பனி நேராக இறங்கிக்கொண்டிருந்தது; காற்று பேருக்குக்கூட இல்லை. இருந்தும் கொட்டகையின் வடக்குச் சுவரில் அடித்திருந்த பிளாஸ்டிக் தாள் மெல்ல உள்வாங்கி, பஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மறுபடி மெல்லப் புடைத்தது. ஓர்லின் ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தாள் இன்னொரு முறை உள்வாங்கியது. எங்கோ ஓட்டை விட்டிருக்கிறோம் என்று எரிச்சலோடு டேப் சுருளை எடுத்துக்கொண்டு போனார்.

ஓட்டை எதுவும் இல்லை. அவர் வேலையில் இருக்கவும் இருக்காது. கோடை முழுக்கத் தனியாளாகக் குழி தோண்டி, உறைபனி எட்டாத ஆழத்தில் கம்பங்களை நட்டு, வெளிப்புறம் தகரம் அடித்து, பனிக்காலம் நெருங்கியதும் கம்பங்களுக்கு நடுவே குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, அதன் மேல் தாளை இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். மின்னசோட்டாவில் கொட்டகை கட்டுகிற எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே இருக்கிற வெதுவெதுப்பான மூச்சு சுவருக்குள் போய்விட்டால் அங்கேயே உறைந்து, வசந்தத்தில் உருகி, மரத்தை அழுக வைத்துவிடும். "பட்டறை கட்டுறியா, மீன் தொட்டி கட்டுறியா?" என்று பக்கத்துப் பண்ணை வெர்ன்கூடக் கிண்டல் செய்துவிட்டுப் போனார்.

பட்டறை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் அவர் மனைவி மார்லிஸ். அவளுக்கு ஒன்றொன்றாக மறந்துகொண்டே வந்தது. அக்டோபரில் ஒரு நாள் தூங்கும் உடையோடு நெடுஞ்சாலை வரை நடந்துபோய்விட்டாள்; யாரோ லாரிக்காரர் கொண்டுவந்து விட்டார். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று மகள் ஜோலீன் போனில் அழுதாள். கொட்டகை சூடாகட்டும், குளிர்காலம் முழுக்க அவளை என் கண் முன்னாலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன், வந்து பார்த்துவிட்டு முடிவு செய் என்று ஓர்லின் கெஞ்சினார். கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர். அதனாலேயே மகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை வரை பொறுக்கச் சம்மதித்தாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் சுவரை மூடுவதற்கு முன் வீட்டுக்காரர்கள் உள்மரத்தில் தங்கள் பெயரை எழுதுவது வழக்கம். கடைசியாக வடக்குச் சுவரை மூடிய அன்று ஓர்லின் தன் பெயரைக் கம்பத்தில் எழுதிவிட்டு, பென்சிலை மார்லிஸின் கையில் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பெயர் என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து அவரே எழுத வைத்தார். அன்று உதவிக்கு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வெர்ன் வேறு பக்கம் பார்த்தார்.

"அவங்கவங்க பேரை அவங்கவங்கதான் எழுதணும்பாரு எங்கப்பா," என்றார். "இல்லேன்னா பேரு சுவரோட தங்கிடுமாம். விடு, பழைய காலத்துப் பேச்சு."

அதன் மேல் பஞ்சை வைத்து, தாளை இழுத்து அடித்தார்கள்.

மறுநாள் காலையில் மார்லிஸ் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காபிப் பாத்திரத்தை ஏன் இடம் மாற்றி வைத்தாய் என்று கடிந்துகொண்டாள். ஓர்லின் சமையலறைத் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அவளுக்குக் கேட்காமல் அழுதார். அடுத்தடுத்த நாட்களில் அவள் உருளைக்கிழங்கு பிசைந்து, மாவு சேர்த்து, கிறிஸ்துமஸுக்கு மெல்லிய லெஃப்சா ரொட்டி தேய்த்தாள், ஒன்றுகூடக் கிழியவில்லை. மருந்தின் பலன் என்று மகளிடம் போனில் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். இவ்வளவு சந்தோஷத்தைத் தாங்கி அவருக்குப் பழக்கமில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் உறுத்தின. அடுப்பருகே எவ்வளவு நேரம் நின்றாலும் அவள் கை சூடேறவில்லை. முன்பெல்லாம் எதையாவது தேடும்போது ஒரு மெட்டை முனகுவாள், பாதியில் வழி தப்பிப்போகும். இப்போது முனகுவதே இல்லை. கொட்டகையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பின்னல் ஊசி ஓடிக்கொண்டிருக்க, கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாயிட்டா, அது போதும் என்று ஓர்லின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகுதான் சுவர் மூச்சுவிடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. ஹீட்டர் நின்ற இடைவெளியில், வடக்குச் சுவருக்குள் பஞ்சை ஏதோ விலக்கும் சத்தம் கேட்டது. எலி. கொட்டகை கட்டினால் எலி வராமலா இருக்கும். அவர் விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். புதுப் பலகையின் வாசனைக்கு நடுவே மார்லிஸ் கைக்குத் தடவும் லாவெண்டர் களிம்பின் வாசனை வந்தது. தாளில், அவர் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்த ஒரு மங்கல். துடைத்தார். போகவில்லை. அது அந்தப் பக்கம் இருந்தது. சுருங்கியது. படர்ந்தது. சுருங்கியது.

முனகல் கேட்டது. ஒரு மெட்டு. பாதியில் வழி தப்பி நின்றது.

"யாராவது இருக்கீங்களா? கதவு எங்கன்னு தெரியல."

அக்டோபர் மாதக் குரல். தினமும் சாயங்காலம் வீடு முழுக்க அலைந்துகொண்டு கேட்ட அதே குரல்.

ஓர்லினின் கை தானாக வெட்டுக்கத்தியை எடுத்துவிட்டது. கத்தி முனையைத் தாளின் மேல் வைத்தார்.

பின்னால் பின்னல் ஊசியின் சத்தம் நின்றது.

"எலிதான் ஓர்லின்," என்றாள் மார்லிஸ். எழுந்து வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். கோபமில்லாத, தெளிவான, அவர் இரண்டு வருஷமாக ஏங்கிய குரல். "உள்பக்கத் தகரமும் அடிச்சிட்டா சத்தம் நின்னுடும்."

கத்தி முனை தாளை விட்டு விலகவில்லை.

"நாளைக்கு ஜோலீன் வர்றா. யாரைக் காட்டப் போற?"

தாள் புடைத்தது. ஐந்து விரல் நுனிகள். பிறகு உள்ளங்கை. வீட்டுச் சமையலறைக் கதவில் கைப்பிடி இருக்கும் உயரத்தில் அது தடவிப் பார்த்தது. கிடைக்கவில்லை. பொறுமையாக மறுபடி தடவியது.

"ஓர்லின்னு ஒருத்தர் என்னைக் கூட்டிட்டுப் போக வருவாரு," என்றது சுவருக்குள்ளிருந்த குரல், முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதையோடு. "அவரைப் பார்த்தீங்களா? இங்க ரொம்பக் குளிருது."

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். முதியோர் இல்லத்து நடைக்கூடம் கண்முன் வந்தது. கடைசியில் ஒரு கட்டில், தன்னை யாரென்று கேட்கும் முகம், தனியாகத் திரும்பிவரும் சாலை. இந்தப் பக்கம், அவர் பெயர் தெரிந்தவள் நிற்கிறாள்.

கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார்.

உள்சுவருக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தகரத்தின் ஒரு முனையை அவர் தூக்கினார். மறுமுனையை அவள் தூக்கினாள். அவள் கை நடுங்கவில்லை. சுவரில் சாத்தினார்கள். மேலே ஒரு ஸ்க்ரூ. ஓரத்தில் ஒன்று. உள்ளே முனகல் இன்னும் மெல்லியதாகிவிட்டது. அவள் நீட்டும் ஸ்க்ரூவை வாங்கினார். வைத்தார். முடுக்கினார்.

நடுவில் தகரம் கொஞ்சம் உப்பியிருந்தது. இடது கையை விரித்து அழுத்திப் பிடித்தார். குளிர்ந்த தகரம். அந்தக் குளிருக்குள், அவர் உள்ளங்கைக்கு நேர் எதிரே, விரலுக்கு விரல் பொருந்த, ஒரு வெதுவெதுப்பு வந்து படிந்தது. முனகல் நின்றது. உள்ளே யாரோ, வழி தெரிந்துவிட்டது போல, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள்.

பக்கத்தில் மார்லிஸ் அடுத்த ஸ்க்ரூவை நீட்டினாள்.