மாலை போட்ட விளம்பரம்

ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காத விளம்பரத்தை இன்றைக்கு இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று தேவிஸ்ரீக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பாச்சாங் ஊரில் அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில், சாயங்கால மழை தகரக் கூரையைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்க, திரையின் அடியில் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பூ எதுவும் இல்லாத கடைக்குள் ஏனோ சாமந்தி வாசம் அடித்தது.

அந்த விளம்பரத்தை அவளிடம் செய்து வாங்கியிருந்த பூக்கடை நல்லமுத்து காலையில்தான் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். "இன்டர்நெட்டுல யாரும்மா பாக்குறா? ஜாலான் ஓரமா போர்டு வெச்சிருந்தா மாடாச்சும் பாத்திருக்கும் லா!"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது அவளுடைய படம்தான். அதைச் சுற்றி மினுக் மினுக்கென்று ஒரு சாமந்தி மாலையும், கீழே ஒரு விளக்கும் வரைந்து போட்டாள். பூக்கடைக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தாள்.

போன் அடித்தது.

"தேவிஸ்ரீ வூட்டுல எத்தன மணிக்கும்மா எடுக்குறாங்க?" கரகரத்த பெண்குரல். பின்னால் பறைச் சத்தம்.

"என்னத்த எடுக்குறாங்க? நான்தான் தேவிஸ்ரீ. நீங்க யாரு?"

"பெம்பான் ஊரு முத்தாயி. ஒன் படத்தப் பாத்தேன். நாங்க எல்லாருமே பாத்துட்டோம்."

வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள் அந்தப் பெண். சாவு வீட்டில் யார் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள்? முத்தாயி அத்தையைப் போன வருஷம்தான் எரித்துவிட்டு வந்தார்கள்.

திரையைப் பார்த்தாள். சிரிக்கிற முகம். மாலை. விளக்கு. அடிப் பாவி, உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போட்டுவிட்டேனே!

விளம்பரத்தை அழித்தாள். எண்ணிக்கை நிற்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, தான் தனியாகக் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு மழையில் ஓடினாள்.

வாசலில் செருப்புகள். நிறைய. அந்த மழையிலும் ஒன்றுகூட நனையவில்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஊதுபத்திப் புகை. தலைவிரிகோலமாய்ப் பெண்கள், வட்டமாக. நடுவில் பாய். தெற்கே தலையணை.

பாயில் யாரும் இல்லை.

முத்தாயி நிமிர்ந்தாள். கையில், பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கிழித்த வெள்ளைத் துணி.

"வந்துட்டியா? படுத்துக்கம்மா."

தேவிஸ்ரீ திரும்பி ஓடப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்தாள். யாரும் தொடாமலே, அவளுடைய கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.