மருந்து வைத்த அறை

மூலையில் இருந்த டப்பா மட்டும் சுட்டது. பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. வெயில் எட்டிப் பார்க்க வழியே இல்லை. துடைக்கப் போன அம்மையப்பன் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பக்கத்து டப்பாக்களைத் தொட்டான். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மறுபடி மூலை டப்பா. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

ஷார்ஜாவில், ரோலா சதுக்கத்துக்குப் பின்னால், அது ஒரு வேட்டைச் சாமான் கடை. சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளுக்கு மறுபடி வெடிமருந்து அடைப்பது அம்மையப்பனின் வேலை. மருந்து எந்தக் காலத்தில் வாங்கியதோ, டப்பாக்களில் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. எழுபத்தாறாம் வருஷக் கோடைக்கு அர்பாப், கடை முதலாளி, குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பும்போது சொன்னது ஒன்றே ஒன்று. பின்னறை ஏ.சி. நிற்கக் கூடாது. மருந்து கெட்டால் லீவு மாஃபி, ஊருக்குப் போகிற பேச்சே கிடையாது.

துப்பாக்கி இருக்கும் கடையை அர்பாப் ஒரே ஆளை நம்பி விடுகிறவர் இல்லை. உள்ளே காவலுக்கு அம்மையப்பன். வெளிப்பூட்டின் சாவி எதிர்க்கடை நெய்னா முகம்மதுவிடம். மதியம் அவர் திறந்து சோற்றைக் கொடுப்பார், இரண்டு வார்த்தை பேசுவார், பூட்டிக்கொண்டு தூங்கப் போவார். அந்த இரண்டு வார்த்தைக்காகவே அம்மையப்பன் காலையிலிருந்து காத்திருப்பான். ஊரைவிட்டு வந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. வீரம்மாள் எப்படிச் சிரிப்பாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பெண்டாட்டியின் சிரிப்பை மறந்தவன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஏ.சி.யை அவன்தான் நிறுத்தினான். சிவகாசிப் பட்டாசு ஆலையில் கருமருந்தோடு வளர்ந்த கை அது. மருந்துக்கு ஈரம்தான் எமன் என்று சின்ன வயதிலேயே மண்டையில் ஏறியிருந்தது. ஏ.சி. சுவரெல்லாம் நீர் வடிப்பதைப் பார்த்ததும் பதறிப்போய் சுவிட்சை அணைத்தான். மூடிகளுக்கு மெழுகு வைத்து இறுக்கினான். அறை வறட்டியாகக் காய்ந்தது. அவனுக்குத் திருப்தி. இது கருமருந்தில்லை, ஈரத்தைவிடச் சூட்டுக்கு அஞ்சுகிற வேறு மருந்து என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் ஏது?

சில நாட்களாக அந்த அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. டிக். நெடுநேரம் கழித்து இன்னொரு டிக். யாரோ நகத்தால் தகரத்தைச் சுண்டிவிட்டுச் சும்மா இருப்பதுபோல. அந்த ஆளரவமற்ற மதியங்களில் அது அவனைப் பயமுறுத்தவில்லை. கூட ஒருவர் இருக்கிறார் என்பதுபோல் ஆறுதலாகக்கூட இருந்தது. "என்னய்யா, தூக்கம் வரலியா?" என்று ஒருநாள் கேட்டும்விட்டான்.

இப்போது மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தான். ஸ்பிரிட் வாசனை அடிக்க வேண்டிய மருந்திலிருந்து பத்தர் கடைத் திராவக நெடி குப்பென்று ஏறியது. மூடியின் அடிப்பக்கம் துரு. உள்ளிருந்து செம்பழுப்பாய் ஒரு புகை எழுந்து, டப்பாவின் விளிம்பில் தயங்கி, வெளியே வழிந்தது.

மூடினான். ஏ.சி.யைப் போட்டான். அது ஒருமுறை உறுமியது. ஃபியூஸ் போய் விளக்கும் சேர்ந்து அணைந்தது.

குளியலறைக்கு ஓடி ஒரு வாளி தண்ணீர் பிடித்து வந்தான். ஊற்றினால் சூடு தணியும். மருந்தும் போகும், லீவும் போகும். வாளியைத் தூக்கியபடி இருட்டில் வெகுநேரம் நின்றான். அப்புறம் வாளியைக் கீழே வைத்தான்.

வெளிப்பூட்டு கிறீச்சிட்டது. நெய்னா முகம்மது தூக்குச்சட்டியை நீட்டியவர், மூக்கைச் சுளித்தார்.

"என்னப்பா இது, நெஞ்சைக் கமறுது?"

"கக்கூஸ் கழுவினேன் பாய். ஆசிட் கூடிப் போச்சு."

"ஒன் மூஞ்சி ஏன் இப்படி வேர்த்துக் கெடக்கு? வேணும்னா செத்த நேரம் என் கடையில வந்து இரேன்."

வர்றேன் என்று வாய்வரை வந்துவிட்டது. வெளியே தெரு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. இரண்டே எட்டு.

"வேணாம் பாய். சும்மா சூடுதான்."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. அர்பாப் வந்ததும் ஒனக்கு ஊருதான்."

பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டிக்.

டிக். டிக்.

போதும். லீவாவது மண்ணாவது. பின்னறைக் கதவை இழுத்துத் திறந்தான். வாளி கண்ணுக்குத் தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்குப் புகை. அலமாரி பக்கமிருந்து ஒரு சீறல், பல்லிடுக்கில் மூச்சுவிடுவதுபோல் நிற்காமல் வந்தது. ஒரு மூச்சு இழுத்தான். தொண்டை பற்றி எரிந்தது. கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு வாசலுக்கு ஓடினான்.

தட்டினான். உதைத்தான். கதவிடுக்கில் வாயை வைத்து, "பாய்!" என்று கத்தப் பார்த்தான். குரல் வரவில்லை. இருமல்தான் வந்தது. இடுக்கு வழியே தெரு தெரிந்தது. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு ஆள் இல்லை. நிழல்கூட இல்லை. இந்த ஊரே தூங்குகிற நேரம். அவன் இங்கே இருப்பது தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரும் படுத்திருப்பார்.

பின்னால் ஒரு மூடி தெறித்தது. தரையில் உருண்டது. நின்றது.

இன்னொன்று.

திரும்பினான். வாசல் இடுக்கின் வெளிச்சத்தில், பின்னறைக் கதவின் பச்சைப் பெயிண்ட் கீழிருந்து மேலாகக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொப்புளமாக. அவன் மார்பு உயரம்வரை வந்தது. முக உயரம்வரை வந்தது.

சீறல் நின்றது.

கதவு, அவன் பக்கமாக, மெல்லத் திறந்தது.