பகல் ஷிப்ட் யானை

தோளுக்கு மேல் வலது கையைத் தூக்க முடியாத ஒருவன், மூன்று மாதமாகக் குளிர் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறான் என்று கம்ப்யூட்டர் சொன்னது. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதால் அவனுடைய காய உதவித்தொகை அந்த மாதம் வங்கிக்குப் போகவில்லை.

உதவித்தொகை அலுவலகத்தில் இந்த மாதிரி ஃபைல்கள் ஒரே மேசைக்குத்தான் போகும். அந்த மேசையில் இருப்பவளுக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் கத்திரி. பொய் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களின் தொகையை வெட்டுவது அவள் வேலை. பெயர் அவள் காதுக்கும் வந்திருந்தது. கோணி ஊசி என்று வைக்காமல் விட்டார்களே என்று இருந்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க," என்றார் மேலதிகாரி. "வாங்கினதெல்லாம் திருப்பிக் கட்டணும். மோசடின்னு வழக்கும் போகும்."

"பார்த்துட்டுப் போடறேன் சார்."

"என்னத்தைப் பார்க்கணும்? அவன் வேலை பார்த்த கம்பெனியே சம்பளக் கணக்கு அனுப்பியிருக்கு."

"கணக்கைப் பார்த்தாச்சு. ஆளைப் பார்க்கலை."

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கதவைத் தட்டினாள். திறந்தது அவனுடைய மாமியார்.

"யாரு?"

"உதவித்தொகை ஆபீஸ்."

"ஓ, நிறுத்தினவங்களா? வாங்க, வாங்க. நிறுத்தினவங்களுக்கும் நாற்காலி போடற வீடுதான் இது."

உள்ளே சோபாவிலிருந்து ஒருவன் எழுந்தான். எழுந்ததும் அறை சின்னதாகிவிட்டது. கிடங்கில் அவனை யானை என்று கூப்பிடுவார்கள் என்று ஃபைலில் எழுதவில்லை, எழுதத் தேவையுமில்லை. கன்னத்தில் மூன்று இடத்தில் பிளேடு கீறியிருந்தது. தாடைக்குக் கீழே ஒரு திட்டு முடி மழிபடாமல் நின்றது.

"இடது கையால ஷேவ் பண்றீங்களா?"

"ஆமா மேடம். எப்படித் தெரியும்?"

"உங்க கன்னம் சொல்லுது."

"நான் பண்ணி விடறேன்னு சொன்னா வேண்டாங்கறாரு," என்றாள் மாமியார். "மாமியார் கையில கழுத்தைக் கொடுக்க மாப்பிள்ளைக்குப் பயம்."

கத்திரி சிரிக்கவில்லை. கை நிஜமாகவே வராது என்று அவளுக்குத் தோன்றியது. நடிக்கிறவன் விசாரணைக்கு ஆள் வரும் நாள் தெரியாமல் தினம் முகத்தைக் கிழித்துக்கொள்ள மாட்டான். ஆனால் கை வராதவனும் வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்து சம்பளம் வாங்கலாம். அவள் அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறாள்.

"நைட் ஷிப்டா, பகலா?"

"சேர்ந்த நாள்லேர்ந்து நைட் மேடம். அடுக்கு சரிஞ்சு தோள்ல விழுந்ததும் நைட்லதான்."

"கணக்குல பகல் ஷிப்ட் இருக்கு. நீங்க நின்ன மறுநாள்லேர்ந்து. காலையில ஒன்பது மணிக்கு உள்ளே, சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே."

"பகல்லயா?" அவன் மாமியாரைப் பார்த்தான். தான் எங்கேயாவது போய்வந்ததை அவள் பார்த்தாளா என்று கேட்பதுபோல் இருந்தது.

"பகல் முழுக்க மாப்பிள்ளை இந்த சோபாவுலதான் கிடக்காரு. அந்தப் பள்ளத்தைப் பாருங்க. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

"சோபா கையெழுத்துப் போடாதும்மா. சம்பளம் எதுவும் வந்ததா?"

"ஒரு காசு வரலை," என்றான் அவன்.

அது அவளுக்கும் தெரியும். வங்கிக் கணக்கை முன்பே வரவழைத்துப் பார்த்திருந்தாள். சம்பளம் போட்டதாகக் கம்பெனி சொல்கிறது; வந்ததாக வங்கி சொல்லவில்லை. நடுவில் ஒரு பாக்கெட் இருக்க வேண்டும்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு சொல்லுவாங்க," என்றாள் மாமியார். "எங்க யானைக்கு ரெண்டுலயும் இல்லை. என் பொண்ணு கடையில பில் போட்டுக் கொண்டுவர்றது வாடகைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு. தோளுக்குப் பயிற்சி கொடுக்கற இடத்துக்குப் போறதை நிறுத்திட்டாரு. நிறுத்தினா கை அப்படியே இறுகிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"அத்தை, விடுங்க," என்றான் அவன்.

"கிடங்குல வருகை எப்படிப் பதிவாகும்?" என்று கேட்டாள் கத்திரி.

"நாங்க எதையும் தொட வேண்டாம் மேடம். குளிர்ல விரல் வச்சா மெஷின் படிக்காது. கதவைத் தாண்டினா அதுவே பதிஞ்சுக்கும்."

"கடைசி நாள் என்னெல்லாம் திருப்பிக் கொடுத்தீங்க?"

"பூட்ஸ், லாக்கர் சாவி, கோட்டு. சம்பள மேடம் ரூம்ல வச்சேன். அவங்க போன்ல இருந்தாங்க. வச்சிட்டுப் போன்னு கையால காட்டினாங்க."

அவள் எழுந்தாள். வாசல்வரை வந்தவன் அங்கே நின்றுகொண்டு கேட்டான். "மேடம், என்னைத் திருடன்னு எழுதிடுவீங்களா?"

"திருடன்னு தெரிஞ்சா எழுதுவேன்."

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் குளிர் கிடங்குக்குப் போனாள். சுவர் கனத்தில் ஒரு கதவு, அதில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகள். கதவுக்கு வெளியே கண்ணாடிக் கூண்டில் பகல் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு சின்னத் திரை, அதில் வரிசையாக எண்கள். பெயர் எதுவும் இல்லை.

"தீப்பிடிச்சா உள்ளே எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியணும்ல, அதுக்கு," என்றார். "உள்ளே இருந்தா பச்சை, வெளியே வந்தா சிவப்பு. எதுக்கு மேடம் கேக்கறீங்க?"

அவள் சொன்னாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"யானையா? பகல் ஷிப்ட்லயா? அவன் போனதுலேர்ந்து ஒரு அடுக்கை ரெண்டு பேர் சேர்ந்து அடுக்கறானுங்கன்னு நைட் சூப்பர்வைசர் அழுதுகிட்டிருக்கான். அவன் வந்தா நான் மாலை போட்டு வரவேற்பேனே."

"போனவங்க பேரை மெஷின்லேர்ந்து யார் எடுக்கணும்?"

"நான்தான்." அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. தன் கோட்டின் காலரைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிய பில்லை ஒன்று தைத்திருந்தது. "கதவு படிக்கறது இதைத்தான். ஆள் நின்னா கோட்டு லாண்டரிக்குப் போகும். லாண்டரிக்காரன் பில்லையை வெட்டி எனக்கு அனுப்புவான். பில்லை வந்தா பேரை எடுப்பேன். யானையோடது வரலை."

"மூணு மாசமா வரலை. கேக்கலையா?"

"லாண்டரிக்காரன் கிட்ட வேட்டியைப் போட்டா லுங்கி வரும் மேடம். அவன்கிட்ட யாரு கேக்கறது?"

சந்தேகப்பட வேண்டுமானால் இவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பில்லையை வைத்துக்கொண்டு இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதுவது பழைய வித்தை. நேற்று போனில் கிடங்கின் மேனேஜரும் அதையே ஜாடையாகச் சொல்லியிருந்தார். கத்திரி வருகைக் கணக்கை விரித்தாள்.

"இந்த ஆள் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை வெளியே போய் வந்திருக்கார்."

"ஏழெட்டா? எங்க ஆளுங்களுக்கு ரெண்டு பிரேக்தான். அதுக்கு மேல ஒருத்தன் போனான்னா நானே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பேன்."

"போன மாசம் ஒரு வாரம் வரவே இல்லை."

"யாரும் ஒரு வாரம் லீவு போடலையே என் ஷிப்ட்ல."

அவர் பொய்க்கணக்கு எழுதியிருந்தால் இவ்வளவு கேவலமாக எழுதியிருக்க மாட்டார். எழுதுகிறவன் ஒழுங்காக எழுதுவான். நிஜ ஆள்தான் இப்படி அலைவான். யாரோ ஒருவர் தினமும் இந்தக் கதவைத் தாண்டிப் போகிறார்.

வெளியாட்களுக்கென்று இருந்த கோட்டைச் சூப்பர்வைசர் எடுத்துக் கொடுத்தார். அது கத்திரிக்கு முழங்காலைத் தொட்டது. பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சம்பள அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உறையவைத்த காய்கறி மலை மாதிரி அடுக்கியிருந்தது. இந்தப் பக்கம் சம்பள மேடம் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, சின்ன உருவம். கோட்டுக்குள்ளிருந்து ஆமை மாதிரித் தலை மட்டும் நீண்டிருந்தது. எழுத வேண்டியபோது விரல்கள் வெளியே வந்தன. எழுதி முடித்ததும் உள்ளே போய்விட்டன.

"மெஷின் பொய் சொல்லாது மேடம்," என்றாள். "கதவுலேர்ந்து மணிக்கணக்கு வரும். சம்பளம் தானா விழும். உங்க ஆபீசுக்கும் கணக்கு தானா போகும். நான் கையே வைக்கறதில்லை."

"அவர் நின்னுட்டாருன்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும். அன்னைக்கே அவரோட பேங்க் நம்பரை எடுத்துட்டேன். பேரை எடுக்கறது சூப்பர்வைசர் வேலை. அவர் எடுத்திருப்பார்னு நினைச்சேன்."

"பேங்க் நம்பர் இல்லாம சம்பளம் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை. நிறுத்தி வச்ச கணக்குல நிக்கும். வருஷக் கடைசியிலதான் அதைப் பார்ப்போம்." திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று மாதச் சம்பளமும் தொடாமல் நின்றது.

கத்திரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாக்கெட்டே இல்லை. ஒருத்தன் மூன்று மாதம் மெனக்கெட்டுத் திருடிவிட்டு, பணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போவானா?

"அவர் கோட்டு என்ன ஆச்சு?"

"லாண்டரிக்குப் போயிருக்கும். திருப்பிக் கொடுக்கறதெல்லாம் கதவுக்குப் பின்னால அந்த ஆணியில மாட்டுவோம். திங்கட்கிழமை வந்து எடுத்துட்டுப் போவான்."

ஆணி காலியாக இருந்தது.

"ரொம்பக் குளிரா இருக்கே. எப்படி உட்கார்றீங்க?"

"எங்கே உட்கார்றது? மணிக்கொரு தடவை வெளியே ஓடிப்போய் டீ குடிச்சுட்டு வந்தாத்தான் விரல் மடங்கும். போன மாசம் பல்லைப் பிடுங்கிட்டு ஒரு வாரம் வீட்டுல கிடந்தேன். வலியில உயிர் போச்சு, ஆனா உடம்பு சூடா இருந்தது. அதுவே சொர்க்கம்."

கத்திரி பேனாவை மூடினாள். "உங்களுக்குக் கோட்டுல பில்லை உண்டா?"

"எங்களுக்கு எதுக்கு? ஆபீஸ்காரங்களுக்கு மாசச் சம்பளம். கதவு எங்களை எண்ணாது."

"சரி," என்று எழுந்தாள்.

கண்ணாடிக் கூண்டுக்குத் திரும்பி வந்து, "யானையோட நம்பர் என்ன?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் தேடிச் சொன்னார். நாற்பத்தேழு. திரையில் நாற்பத்தேழு பச்சையாக இருந்தது.

"உள்ளே இருக்கான்!" அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேடம், இப்ப, இந்த நிமிஷம் உள்ளே இருக்கான்!"

"உட்காருங்க. சம்பள மேடத்துக்குப் போன் போட்டு டீக்குக் கூப்பிடுங்க."

"இப்ப எதுக்கு டீ?"

"எனக்குக் குடிக்கணும். கூப்பிடுங்க."

கூப்பிட்டார். நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பட்டைகள் விலகின. தரையைத் தொடாத குறையாக நீண்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு சம்பள மேடம் வெளியே வந்தாள். நாற்பத்தேழு சிவப்பானது.

சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "அடக் கடவுளே, யானை இளைச்சுப் போச்சே," என்றார்.

"கோட்டைக் கழட்டி இங்கே வச்சிட்டு ஒரு தடவை உள்ளே போயிட்டு வாங்க," என்றாள் கத்திரி.

சம்பள மேடம் ஒன்றும் புரியாமல் போனாள், நடுங்கிக்கொண்டே வந்தாள். திரை அசையவில்லை. கத்திரி கோட்டின் காலரைத் திருப்பினாள். பில்லையில் நாற்பத்தேழு என்று பொறித்திருந்தது.

"இது எப்ப போட்டுக்கிட்டது?"

"என் பழைய கோட்டுல தையல் விட்டுப்போச்சு. லாண்டரிக்காரன் எடுத்துட்டுப் போனான், திரும்பி வரலை. ஆணியில இது மாட்டியிருந்தது. குளிருக்கு எடுத்துப் போட்டுக்கிட்டேன். யாரோடதுன்னு யாரு பார்த்தா?" அவள் குனிந்து பில்லையைப் பார்த்தாள். "அப்ப… நான்தானா அந்த யானை?"

"நீங்கதான்," என்றாள் கத்திரி. "கதவுக்கு ஆள் தெரியாது, கோட்டுதான் தெரியும். நைட் ஆள் திடீர்னு பகல்ல வர்றான். பெட்டி தூக்கற ஆள் மணிக்கொரு தடவை டீக்கு வெளியே போறான். நீங்க பல் பிடுங்கின வாரம் அவனும் லீவு. இதையெல்லாம் நான் கணக்குல பார்த்தேன், ஆனா ஆம்பளையைத் தேடிக்கிட்டிருந்தேன். பணத்தை யாரும் தொடலைன்னு நீங்க காட்டினதுக்கப்புறம்தான் திருடனைத் தேடறதை விட்டேன். லாண்டரிக்குப் போகாத கோட்டு ஒண்ணு எங்கேயாவது நடமாடணும். உங்க கை எனக்கு எதிர்லேயே கோட்டுக்குள்ள போய்ப் போய் வந்துகிட்டிருந்தது."

பேரைச் சூப்பர்வைசர் எடுப்பார் என்று சம்பள மேடம் இருந்தாள். பில்லை வந்தால் எடுக்கலாம் என்று அவர் இருந்தார். ஆளுக்கு ஆள் நாட்டாமை என்கிற வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

"எனக்கு வேலை போயிடுமா மேடம்?"

"அது என் ஃபைல் இல்லை. தப்பான மூணு மாசத்தையும் எடுத்துட்டு, கம்பெனி முத்திரையோட கடிதம் இன்னைக்கே எங்க ஆபீசுக்கு வரணும். நாளைக்குன்னா நான் வேற மாதிரி எழுதுவேன்."

"இப்பவே அடிக்கறேன்." அவள் கோட்டுக்குக் கை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் இழுப்பறையைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்தார். கத்திரி அதை வாங்கி, நூலை வெட்டி, பில்லையை அவர் மேசைமேல் வைத்தாள். கோட்டைச் சம்பள மேடத்தின் தோளில் போட்டாள். "போட்டுக்கிட்டுப் போங்க. இனிமே இது வெறும் துணிதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது மாடி வீட்டில் போன் அடித்தது. எடுத்தது மாமியார்.

"உங்க மாப்பிள்ளை பேர்ல வேலைக்குப் போன ஆள் கிடைச்சாச்சு," என்றாள் கத்திரி.

"யாரு அந்தப் பாவி?"

"அவரோட கோட்டு."

"பாத்தீங்களா," என்றாள் மாமியார். "ஆளு வீட்டுல, கோட்டு வேலைக்கு. இந்த வீட்டுல பொறுப்பான ஆம்பளை அந்தக் கோட்டுதான் போல. பணம் எப்ப வரும்?"

"செவ்வாய்க்கிழமை. நின்னுபோன மாசமும் சேர்த்து. திங்கட்கிழமையே அவரைப் பயிற்சிக்கு அனுப்புங்க. காசை அப்புறம் வாங்கிக்கச் சொல்லி அந்த இடத்துக்குச் சொல்லியிருக்கேன்."

போன் கை மாறியது. மூச்சு முதலில் கேட்டது.

"மேடம், திருடன்னு எழுதலையே?"

"எழுதலை."

"வேற என்ன எழுதினீங்க?"

"வலது கையைத் தூக்க முடியாதுன்னு எழுதினேன்."

"அது உண்மைதான் மேடம்," என்றான்.