முன்ஜாமீன் வேண்டுமா?

கிணற்றிலிருந்து தூக்கிய பிணத்தை வாசலில் கிடத்திய அன்றே அது ஆரம்பித்தது.

செத்தவர் கிருஷ்ணப்பன். அழுதுகொண்டிருந்த தம்பி முனிராஜ் போனைத் தொட்டான். விளம்பரம் வந்தது.

'முன்ஜாமீன் வேண்டுமா? உடனே அழையுங்கள்!'

முனிராஜுக்கு வியர்த்தது.

கால் தவறி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. இண்டூர் கிராமமே நம்பியது... போனைத் தவிர!

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கிணறு. தண்ணீர் முறைக்குக் கிணற்று மேட்டில் சண்டை. முனிராஜ் அண்ணன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். லேசாகத்தான்! மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குகிற மனுஷன் அதற்கே உள்ளே போய்விட்டார். நீச்சல் தெரிந்தவர்தானே, ஏறி வரட்டும் என்று கோபத்தில் இவன் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

அவர் ஏறவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குச் சட்டைப் பையும் சேர்ந்து குறுகுறுத்தது. பாட்டுக் கேட்டால் ஜாமீன். சமையல் பார்த்தால் வக்கீல். தூக்கத்தில் உளறியதைப் போன் கேட்டுவிட்டதோ...?

பாப்பாரப்பட்டிக்கு ஓடினான். போன் விற்ற இன்னாசியிடம் நீட்டினான்.

இன்னாசி சிரித்தார். பாஸ்வேர்டு எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று தன் மெயில் ஐடியையே போட்டுக் கொடுப்பது அவர் வழக்கம்.

"உன் போன்லயும் உன் சம்சாரம் போன்லயும் என் ஐடிதாம்ப்பா. ஒருத்தர் தேடுனா இன்னொருத்தருக்கு விளம்பரம் வரும்."

நிர்மலாவா!

எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், புருஷனைக் காப்பாற்ற வக்கீல் தேடியிருக்கிறாள். இப்படிப்பட்டவளிடம் மறைத்தோமே, பாவி!

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை மன்னிச்சுரு நிர்மலா. அண்ணனைத் தள்ளுனது நான்தான். எனக்காவா வக்கீல் தேடுன?"

நிர்மலாவின் முகம் வெளுத்தது.

"உங்களுக்கா...? எனக்குத் தேடுனேங்க."

"என்ன சொல்ற?"

"நம்ம தக்காளி காயுது, உங்கண்ணன் மோட்டாரை விடமாட்டேங்கறாரு. அவரு தூங்குனா தண்ணி பாய்ச்சிக்கலாம்னு டீல தூக்க மாத்திரை போட்டுக் குடுத்தேன். கெணத்து மேட்டுக்குப் போவாருன்னு தெரியாதுங்க..."

லேசாகத் தள்ளியதற்கே ஏன் விழுந்தார், ஏன் நீந்தவில்லை... முனிராஜுக்கு இப்போது புரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அண்ணனை இரண்டு பேருமாகச் சேர்ந்து கொன்றிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமலே!

வாசலில் பூட்ஸ் சத்தம். சப்-இன்ஸ்பெக்டர் எழிலரசி நின்றிருந்தாள்.

"கேட்டுட்டேங்க. இன்னாசி கடையில இப்பதான் விசாரிச்சுட்டு வரேன்."

"மேடம்... உங்களுக்கு எப்படி..." என்று நிர்மலா திணறினாள்.

எழிலரசி தன் போனை எடுத்துக் காட்டினாள். அதிலும் அதே விளம்பரம்.

"இதுவும் இன்னாசி கடை போன்தாங்க. போலீசுக்கு எதுக்குங்க முன்ஜாமீன்?"