சுண்ணாம்பு அடிக்காத அறை

அந்த வார்த்தை அங்கே இருந்திருக்கவே கூடாது.

மகிந்தனின் திரையில் விரிந்திருந்தது, எங்கோ குளிர் நாட்டில் யாரோ ஒருவருடைய கணினி நின்றுபோன நொடியில் எடுத்த நினைவக நகல். எண்களும் எழுத்துகளும் பொருளில்லாமல் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் ஓரிடத்தில், பிழையில்லாத தமிழில் கிடந்தது: தண்ணி.

மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு மழை பிடித்திருந்தது. ரந்தாவு ஊருக்கு வெளியே பழைய ரப்பர் காட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் கடைசி வீடு அது. பின்வேலிக்கு அப்பால் செம்பனை மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், ஊறிப்போன மட்டைகளின் புளித்த வாடையும், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனின் முனகலும் சேர்ந்து அந்தச் சின்ன வீட்டை நிறைத்திருந்தன.

ஓர் இயங்குதளத்தின் தொகுப்பாளர்களில் மகிந்தன் ஒருவன். அவன் கவனித்துக்கொண்ட நிரல் நூலகத்தின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஓடும் நிரல்களுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தருவதும், வேலை முடிந்ததும் அதைத் திரும்ப வாங்கி அடுத்ததற்குக் கொடுப்பதும்தான் அதன் வேலை. வேறு யாரோ எழுதும் அதன் ஒவ்வொரு பதிப்பையும் தங்கள் இயங்குதளத்துக்கு ஏற்றபடி திருத்தி, கட்டி, சோதித்து உலகம் முழுக்க அனுப்புவது அவன் வேலை.

"இதத்தானே நானும் செய்தனான்," என்று அப்பா சிவசிதம்பரம் சிரித்திருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து தொழிலாளர்களின் லயத்து வீடுகளை ஒதுக்கிக் கொடுத்தவர் அவர். ஒரு குடும்பம் வெளியேறினால் முதலில் உள்ளே போய் ஆளில்லை என்று பார்ப்பார், பிறகு சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார், அதற்குப் பிறகுதான் அடுத்த குடும்பத்துக்குச் சாவி. நூலகத்திலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. காலியான இடம் முழுவதையும் ஒரே எழுத்தால் நிரப்பிவிடும், பழையது எதுவும் தங்காது. அது வேகத்தைக் குறைக்கிறது என்று ஆளாளுக்குப் புகார் சொன்னதால், போன மாதம் மகிந்தன் அந்தத் துடைப்பை நிறுத்திவிட்டு அனுப்பியிருந்தான்.

அப்பா இறந்து இருபது நாள் ஆகிறது.

"மகி," அந்த அறையிலிருந்து நிரோஷா கூப்பிட்டாள். ஏழு மாதக் கர்ப்பிணி. எழுந்து நடக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், குளியலறை ஒட்டியிருந்த அப்பாவின் அறையில், அப்பாவின் கட்டிலில்தான் பத்து நாளாகப் படுக்கை. "இங்க மாமாவுக்கு ஒரு தம்ளர் தண்ணி வையுங்களேன். முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியுமட்டும் வைக்கணும்னு எங்கம்மா திரும்பவும் போன் பண்ணிட்டாங்க லா."

"பிறகு வைக்கிறன்."

இருபது நாளாக இதே பதில்தான். அந்தத் தம்ளரை அவனால் தொட முடியவில்லை. அப்பா தூக்கத்தில் போனார் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். அது பொய். அன்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கட்டமைப்புப் பிழை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மாலையில் போய்ப் பார்த்தபோது அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே நீண்டு விறைத்திருந்தது, காலித் தம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. எத்தனை தடவை கூப்பிட்டாரோ.

தொலைபேசி அதிர்ந்தது. செனாவாங்கில் இருக்கும் தேவன், இதே நூலகத்தில் அவனுக்குத் துணைத் தொகுப்பாளன்.

"டேய், இன்னும் ரெண்டு ரிப்போர்ட் வந்திருக்கு. வேற வேற நாடு. ரெண்டுலயும் தமிழ் இருக்குடா. நீ ஏதும் டெஸ்டுக்குப் போட்டியா?"

"என்ன இருக்கு?"

"ஒன்னுல, 'தம்பி, தண்ணி'. அடுத்தது..." தேவன் திரையைப் பார்த்துப் படித்தான். "'தம்பி, சுவர்ப் பக்கம் ஆர் படுத்திருக்கிறது?'"

வீட்டில் மகிந்தனைத் தம்பி என்று கூப்பிட்டவர் ஒருவர்தான். நிரோஷா எப்போதும் சுவர்ப் பக்கம்தான் படுப்பாள்.

"மகி," அவள் குரல் இப்போது மெலிந்திருந்தது. "கட்டில்ல இடம் பத்தல."

ஓடினான். நிரோஷா சுவரோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றை இரண்டு கையாலும் பொத்தியபடி கண்மூடிக் கிடந்தாள். பக்கத்தில் பாதிக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல், ஆனால் தோளும் இடுப்பும் குதிகாலும் அழுந்திய அளவுக்குப் பள்ளமாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தான். சூடு.

"எழும்பு. ஹாலுக்குப் போவம்."

"ஏலாது மகி. அசைஞ்சா வலிக்குது. பிள்ளைக்கு ஏதும் ஆயிடும்."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஆற்றுப் பாலத்தில் வெள்ளம், ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஒரு மணி நேரம் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் அவளும் பிள்ளையும். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. துடைக்காமல் விட்டவன் அவன்தானே. துடைத்துவிட்டால் போய்விடும்.

மேசைக்குத் திரும்பி, நிறுத்திவைத்த துடைப்பை மீண்டும் இயக்கினான். புதிய பதிப்பைக் கட்ட ஆரம்பித்தான். வரிகள் மேலேறின. கடவுச்சொல் மூன்று முறை தவறியது. சோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டு வந்தன, ஆயிரத்துக்கும் மேல். கடைசியில் ஒன்று மட்டும் தோற்றது, திரையில் ஒரு வரியோடு.

காலி செய்த இடத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார்.

"தெரியும்," என்றான் மகிந்தன். "தெரியும், அவர்தான்."

மறுபடி ஓட்டினான். மறுபடி அதே வரி.

தேவன் மறுபடி அழைத்தான். "டேய், ஒன்னு ஃபெயில் ஆவுது பாரு. யாருன்னு பாத்துட்டு அனுப்பு லா. அவசரப்படாத."

"மகி." சுவருக்கு அப்பாலிருந்து. "தள்றாங்க மகி."

பார்க்க நேரமில்லை. தோற்கும் சோதனையை விலக்கு என்று ஒரு வரி சேர்த்தான். அவசரத்தில் எந்தத் தொகுப்பாளனும் எழுதும் வரிதான், அவனே நூறு தடவை எழுதியிருக்கிறான். இந்த முறை எல்லாம் தேறிப் பச்சை. அனுப்பினான்.

ஏர்கோன் நின்றது.

மழைச் சத்தமும் இல்லை. தொலைபேசியில் தேவனும் இல்லை.

பிறகு வாடை வந்தது. கதவிடுக்கு வழியாக, மெல்ல. ஈரச் சுண்ணாம்பின் வாடை. அப்பாவோடு லயத்துக்குப் போன நாட்களில் மூக்கைச் சுட்ட அதே வாடை.

முதலில் உள்ளே போய் ஆளில்லை என்று பார்ப்பார்.

அவன் பார்க்கவில்லை.

"நிரோஷா?"

சமையலறைக்கு ஓடினான். தம்ளர். குழாய். தண்ணீர் பாதி கையில், பாதி தரையில். "அப்பா, இந்தாங்கோ, கொண்டு வந்திட்டன், அவளை விடுங்கோ." அழுதுகொண்டே கதவைத் தள்ளினான்.

அறை வெள்ளையாக இருந்தது.

சுவர் வெள்ளை. ராசா கோயில் நாட்காட்டி சுவரிலேயே தொங்கியது, தேதி இல்லை, சாமி இல்லை. கல்யாணப் படத்தில் சட்டம் மட்டும். கட்டிலின் வெளிப்பக்கத்தில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது, முன்னைவிட ஆழமாக.

சுவர்ப் பக்கம் நிரோஷா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தாள். அவன் யாரென்று தெரிந்த சாயல் எதுவும் அந்தக் கண்ணில் இல்லை.

"நிரோஷா. நான்தான். மகி."

வாயைத் திறந்தாள்.

"அ," என்றாள். நிறுத்தினாள். "அ." அதே ஒரே எழுத்து. அதே சுருதி. அதே இடைவெளி. "அ."

கையிலிருந்த தம்ளர் லேசாகிக்கொண்டே வந்தது. குனிந்து பார்த்தான். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, மிடறு மிடறாக.

"அ," என்றாள் அவள். அவள் உள்ளங்கைக்குக் கீழே, வயிற்றுத் தோல் உள்ளிருந்து ஒருமுறை எழும்பித் தணிந்தது. நின்றது. அதே இடைவெளி விட்டு, மறுபடி எழும்பியது.