காயம்பட்டது போன திசை

விட்ட மீன் போகவில்லை.

மே மாதத்து மாலை. ஹார்ட்ஸ் மலையடிவார ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற சேயோன், அளவு போதாத அந்த ட்ரவுட்டின் வாயிலிருந்து இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈயைக் கழற்றி, வழுவழுப்பான குளிர்ந்த உடலை இரு கைகளாலும் நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்று, செவுள்கள் சீராக அசையத் தொடங்கியதும் விரல்களைத் திறந்தான். விடுபட்ட மீன் பாய்ந்து கல்லிடுக்கில் மறைவதுதான் வழக்கம். இது திரும்பி வந்து அவன் காலருகே நின்று அவனைப் பார்த்தது. அவன் விலகினான். அதுவும் அந்தப் பக்கம் வந்தது.

பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். ஹாலே பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவன், வேட்டை உரிமமும் எடுத்தவன். எதையும் முறைப்படி செய்துவிட்டு, முறைப்படிதான் செய்தேனா என்று விடியும்வரை யோசிக்கிறவன். தண்ணீருக்கு வெளியே கூடுதல் நேரம் வைத்திருந்திருக்கலாம். கொக்கி ஆழமாய்ப் போயிருக்கலாம்.

ஆகஸ்டில், அறுத்த கோதுமைத் தாளின் புழுதி வாசம் மூக்கை அடைக்கும் வெக்கையில், காட்டோரப் பரணில் இருந்து ஓர் ஆண் மானைச் சுட்டான். குண்டு பட்ட விலங்கு அடர்ந்த காட்டுக்குள் ஓடும். அதைத் தேடிப் போகிறவனின் கணக்கெல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான். அந்த மான் ஓடவில்லை. வெட்டவெளியின் குறுக்கே நடந்து வந்து, பரண் ஏணியின் கீழ்ப்படியில் தாடையை வைத்துச் செத்தது. அதன் தலையைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. நெடுநேரம் இறங்காமலே இருந்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. நவம்பரில், புல்வெளியைக் கிண்டும் காட்டுப்பன்றிகளைச் சுட்டுத் தரும்படி நிலத்துக்காரர் கேட்டபோது மறுக்கவும் வாய் வரவில்லை, தனியே போகவும் துணிவில்லை. வார இறுதிக்கு ஹம் நகரிலிருந்து ரயிலில் வந்திருந்த தங்கை வேணுஜாவைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி செய்கிறவள்.

“எலியைக் கண்டு கதிரையில ஏறுறவர், பண்டி சுடப் போறார்,” என்றாள் அவள், காட்டுப் பாதையில் காரை நிறுத்தியதும்.

“காருக்குள்ளயே இரு, என்ன. இறங்கிடாதை.”

“எனக்கென்ன விசரே, இந்தக் குளிருக்குள்ள இறங்க? கிழமை முழுக்கக் கிழடுகளைத் தூக்கித் தூக்கி நாரி விட்டுப் போச்சு. ஹீட்டரைப் போட்டிட்டுப் பின் சீற்றில படுக்கப் போறன். திறப்பைத் தந்திட்டுப் போ.”

“கதவைப் பூட்டிக்கொள்.”

“ஆர் வரப் போகினம்? மானே?”

அவன் கார்த் திறப்பைக் கொடுத்தான்.

பரணில் ஏறி உட்கார்ந்தபோதே வெளிச்சம் வடியத் தொடங்கிவிட்டது. ஊறிய இலைகளின் புளித்த வாசம் கீழிருந்து ஏறியது. எங்கோ ஒரு கிளையிலிருந்து நீர் சொட்டி, நின்று, அவன் காது கொடுத்ததும் மறுபடி சொட்டியது. புல்வெளியில் மூடுபனி தரையோடு தரையாகப் படர்ந்து வந்தது. அதற்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது. பன்றியின் முதுகு. தூரநோக்கியில் திரும்பத் திரும்பப் பார்த்தான். பன்றிதான். சுட்டான். ஈரச் சாக்கில் தடியால் அடித்ததுபோல் குண்டு பட்ட சத்தம் திரும்பி வந்தது.

சுட்டவுடன் இறங்கக் கூடாது. ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம் காத்திருக்க வேண்டும் என்று வேட்டை வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். துரத்தாவிட்டால் காயம்பட்டது அருகிலேயே படுத்துவிடும். சேயோன் புகைப்பதில்லை. குடுவையிலிருந்து தேநீரை ஊற்றி, ஆறட்டும் என்று கையில் வைத்திருந்தான்.

கிளை முறியும் ஓசை இல்லை. மூச்சிரைப்பு இல்லை. இலைகளின் மேல் அவசரமில்லாத காலடிகள் மட்டும். அவை காட்டுக்குள் போகவில்லை. பாதைப் பக்கம் போயின.

பிறகு, தூரத்தில், கார்க் கதவு திறக்கும் சத்தம்.

மூடும் சத்தம்.

வேணுஜா ஒதுங்குவதற்கு இறங்கியிருப்பாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். தேநீர் இன்னும் ஆறவில்லை. விதியை மீறி இறங்கினால் காயம்பட்ட விலங்கை வதைத்ததாகிவிடும். காத்திருந்தான்.

இறங்கியபோது இருட்டியிருந்தது. கைவிளக்கில் இரத்தம் தெரிந்தது. நுரைத்த இரத்தம். நெஞ்சில் பட்டிருக்கிறது, கொஞ்ச தூரத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. சேற்றில் பிளந்த குளம்புகள், நான்கு நான்காக. பாதையைத் தொட்ட இடத்தில் அவை இரண்டாயின. இரண்டு கால்களின் நடை.

ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான்.

கார் உறுமிக்கொண்டு நின்றது. இரத்தம் பின் கதவில் முடிந்திருந்தது. கைபிடி ஈரம். கண்ணாடிகள் உள்ளே வியர்த்திருந்தன. இழுத்தான். பூட்டியிருந்தது.

“வேணு!”

“மெல்லக் கதை, அண்ணா.” அவளுடைய குரல்தான். “இப்பதான் கண்ணயர்ந்தவர்.”

“ஆர்? வேணு, வெளியால வா.”

“ஏலாது. நான் கையை எடுத்தால் ரத்தம் பாயும். கதவைத் தட்டினவர். பாவம், நெஞ்செல்லாம் காயம். என்னெண்டு விடுறது?”

“அது பண்டி, வேணு. நான் சுட்ட பண்டி. கும்பிட்டுக் கேக்கிறன், இறங்கி வா.”

தாழ்ந்த, கனிவான, வேலையிடத்துக் குரலில், அவனிடம் அல்லாமல், சொன்னாள்:

“ஓம். நீங்கள் சொன்ன ஆள்தான்.”

துவக்கை உயர்த்திக் குறிபார்த்தான். அவளும் உள்ளே. தாழ்த்தினான். கண்ணாடியில் குத்தினான். பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதறினான்.

முன் கண்ணாடியின் அடியில் ஹீட்டரின் சூடு ஒரு கீற்றைத் தெளிவாக்கியிருந்தது. குனிந்தான். விளக்கைப் பிடித்தான். பின் இருக்கையில் வேணுஜா. மடியில் ஏதோ கனமாக, கறுப்பாக. அதன்மேல் அழுத்தியபடி அவள் கைகள், மணிக்கட்டுவரை சிவப்பாக.

இரண்டு கைகளும்.

பக்கத்துக் கண்ணாடியில் கிறீச் என்றது. உள்ளிருந்து ஓர் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. சின்ன வட்டம். கொஞ்சம் பெரிய வட்டம். வட்டத்துக்குள் இன்னும் எதுவும் தெரியவில்லை. கை மட்டும் பொறுமையாகத் துடைத்தது, அவன் நிற்கும் பக்கமாக.