தெமட்டகொடையிலிருந்து வந்த சக்கரம்

தேனுஜன் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டினான். சத்தம் உடனே வரவில்லை.

சுத்தியல் பட்டு, விலகி, அவன் கையோடு கீழே இறங்கிய பிறகுதான் 'டங்' என்று ஒலித்தது. ஒரு மூச்சு விடும் நேரம் பிந்தியிருக்கும். கட்டிலில் சாய்ந்திருந்த நாகேந்திரத்துக்கு மட்டும் அது பிடிபட்டது. முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவர் அவர். வார்ப்பிரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். இப்படியொரு சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

"வெடிப்பு ஒண்டும் இல்லைத்தானே மாமா?" என்று மருமகன் கேட்டான்.

இதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"ஓம்," என்றார்.

பாரிசவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் ஓம், பசிக்காவிட்டாலும் ஓம். மகள் உஷாந்தி முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வாள். அவள் கணவன் தேனுஜனுக்கு அந்தப் பொறுமை இல்லை, ஆனாலும் நல்லவன். கிழமை முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பவன், கையால் எதையாவது செய்யவேண்டும் என்று வெள்ளவத்தை வீட்டின் பின்னறையைப் பட்டறையாக்கிக்கொண்டிருந்தான். ஏதோ பெயர் தெரியாத மெஷினின் இரண்டு கால்களும் இடுப்பளவு உயரமான இந்தச் சக்கரமும் தெமட்டகொடைப் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தவை. கால்களின்மேல் பலகை போட்டால் வேலைமேசை. சக்கரத்தை பெல்ட்டால் மோட்டரோடு இணைத்தால் சாணைக்கல் ஓடும். மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று கட்டிலைப் பின்னறை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டதும் அவன்தான்.

அடுத்த சனிக்கிழமை, மண்ணெண்ணெயும் துருவும் கலந்த மணம் வீட்டை நிறைத்திருக்க, கடற்கரைப் பக்கம் ரயில் கடகடத்துப் போய் அடங்கிய இடைவெளிகளில், தேனுஜன் கம்பித் தூரிகையால் சக்கரத்தைத் தேய்த்தான். கையும் சத்தமும் ஒன்றாகவே போயின. தன் காதுதான் பிசகிவிட்டது என்று நாகேந்திரம் ஆறுதல்பட்டார். பிறகு தேனுஜன் தூரிகையை வைத்துவிட்டு, சுத்தியலை எடுக்கக் குனிந்தான்.

டங்.

அதற்குப் பிறகே சுத்தியல் சக்கரத்தில் பட்டது. பட்டபோது சத்தமே இல்லை. தேனுஜன் சுத்தியலை ஒரு தரம் பார்த்தான், காதைக் குடைந்துகொண்டான், தொடர்ந்து வேலை செய்தான்.

அன்றிலிருந்து சத்தம் முந்திவரும் இடைவெளி நீண்டது. காலையில் பின்னறையில் ஸ்பானர் விழும் சத்தம் கேட்கும். மத்தியானம்தான் ஸ்பானர் மேசையிலிருந்து விழும், சத்தமில்லாமல், பஞ்சுபோல். நாகேந்திரம் இடது கையால் அந்த அறையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனார். கட்டிலை இன்னும் கிட்டப் போடட்டோ என்று மகள் கேட்டாள்.

"ஓம்."

இன்னொரு கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மழை பிடித்தது. தலைமுழுகிய கூந்தலை விரித்துவிட்டபடி உஷாந்தி அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். தேனுஜன் மோட்டரைப் பலகையில் பூட்டிக்கொண்டிருந்தான். கரண்ட் வயர்கூட இன்னும் கொழுவவில்லை.

மோட்டர் உறுமியது. பெல்ட் படபடத்தது. அதற்கு மேலால் ஒரு பெண்ணின் அலறல், நீண்டு, கிழிந்து, பாதியில் நின்றது.

உஷாந்தி கரண்டியோடு தலையைத் திருப்பினாள்.

"பக்கத்து வீட்டில ஆரோ கத்துகினம்," என்றாள்.

தன் குரல் அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. அவள் பிறந்த நாளிலிருந்து கேட்ட குரல். அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"என்னப்பா? நோகுதோ?"

"ஓம்."

அவள் அவருடைய காலைத் தடவிவிட்டாள். உள்ளேயிருந்து தேனுஜன் கூப்பிட்டான்.

"உஷா, ஒருக்கா வாரும். வயர் கொழுவியாச்சு. பெல்ட் வழுக்குது, பிடிச்சுவிடும்."

நாகேந்திரம் கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்டார். அவள் கோபிக்கவில்லை. நிலத்தைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். அவர் திரும்பவும் பற்றிய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"உடன வாறன். தனிய இருப்பியள்தானே?"

இல்லை. இல்லை. இல்லை.

"ஓம்."

அவள் போனாள். பெல்ட்டைப் பிடித்தாள். தேனுஜன் சுவிட்சைப் போட்டான்.

சத்தமில்லை. மழை மட்டும்.

சக்கரம் சுற்றத் தொடங்கியது. மெதுவாக. பிறகு வேகமாக. அவள் குனிந்தாள். ஈரக் கூந்தல் தோளிலிருந்து பெல்ட்டின்மேல் சரிந்தது.

"ஓம்," என்று அவர் கத்தினார். "ஓம். ஓம்."

அவளுடைய முகம் அவரை நோக்கித் திரும்பியது. வாய் முழுவதும் திறந்திருந்தது, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன, ஒரு சிறு ஒலியும் இல்லை. மோட்டர் ஏன் சத்தம் போடவில்லை என்று பார்க்க, தேனுஜன் அவளுக்கு முதுகைக் காட்டியபடி அதன்மேல் காதை வைத்துக் குனிந்திருந்தான்.